மல்லிகாவுக்கு: ஃபெரென்சியும் அவருடைய மனிதர்களும்

பாளையங்கோட்டை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். இவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, காலையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சத்தமாகப் படித்து எனக்குச் சொல்கிறார். சின்னவளுக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்திருக்கிறது. பேத்தியை இந்த வருஷம் இங்கேயே படிக்க விடலாமா என்று கேட்கிறாள். எனக்கு ஆசைதான், மூட்டுவலிதான் யோசிக்க வைக்கிறது. ரத்னாவின் அம்மா தவறிப்போன செய்தி உனக்குத் தெரிந்திருக்கும். நம் ஹாஸ்டல் நாட்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த அம்மாள் கொடுத்தனுப்பிய முறுக்கு இல்லாமல் நாம் எம்.ஏ. முடித்திருக்கவே மாட்டோம். நீ அவளுக்கு ஒரு வார்த்தை பேசு.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன்னிடம் மனநல ஆலோசனைப் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண், எதிரே உட்கார்ந்திருந்த அம்மா தன் கதையைச் சொல்லும்போது கண் கலங்கிவிட்டாள், அதற்காகப் பெரியவர்கள் அவளை எல்லோர் முன்னாலும் கண்டித்தார்கள் என்று எழுதியிருந்தாய். கேட்கிறவர் கல்லாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்பவர்களுக்கு எதிராக இந்தத் துறையில் யாருமே பேசியதில்லையா என்றும் கேட்டிருந்தாய். பேசியிருக்கிறார். அதுவும், மனதில் இருப்பதைப் பேசவைத்தே குணப்படுத்தும் உளப்பகுப்பாய்வு முறையைத் தொடங்கிய ஃப்ராய்டின் பக்கத்திலேயே இருபத்தைந்து வருஷம் இருந்த ஒருவர். ஷாண்டோர் ஃபெரென்சி, புடாபெஸ்ட் டாக்டர். நம் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் ஃப்ராய்டின் சீடர்கள் வரிசையில் ஒரு கமாவுக்கும் இன்னொரு கமாவுக்கும் நடுவில் வந்து போகும். அதற்கு மேல் நமக்கு யாரும் சொன்னதில்லை.

ரிட்டயர் ஆன பிறகு நான் நிதானமாக உட்கார்ந்து படித்தது அவரும் ஃப்ராய்டும் எழுதிக்கொண்ட கடிதங்களைத்தான். 1908-லிருந்து 1933 வரை 1200-க்கும் மேற்பட்ட கடிதங்கள். மூன்று தடித்த தொகுதிகள். படித்து முடித்தபோது எனக்கு ஒன்று உறுதியானது. அவர் நோயாளிகளைப் பற்றிச் சொன்ன புதிய விஷயங்கள் எல்லாம் அவருடைய சொந்த வாழ்க்கையில், அவர் நேசித்த மனிதர்களிடம் கேட்டுக் கிடைக்காமல் போனதிலிருந்து வந்தவை. அதனால் அவருடைய நட்புகளையும் குடும்பத்தையும் வம்புக்கதை என்று ஒதுக்கிவிட்டு அவர் கொள்கையை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்.

ஹங்கேரியின் வடக்கே மிஷ்கோல்ட்ஸ் என்று ஓர் ஊர். அங்கே 1873-ல் பிறந்தார். யூதக் குடும்பம். அப்பா பெர்னாத் புத்தகக் கடை வைத்திருந்தார், பதிப்பாளரும்கூட. வீடு நிறையப் பிள்ளைகள், புத்தகங்கள், பாட்டு. மகனுக்குப் பதினைந்து வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். கடையும் இத்தனை பிள்ளைகளும் அம்மாவின் தலையில் விழுந்தன. அந்த அம்மாவிடம் கண்டிப்பு அதிகம், அன்பு போதவில்லை என்று ஃபெரென்சி ஐம்பது வயதை நெருங்கும்போதும் நண்பருக்கு எழுதுகிறார். அத்தனை பேரைத் தனியாகக் கரையேற்றிய ஒரு பெண்ணிடம் கொஞ்சுவதற்கு நேரம் எங்கே இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனாலும் அந்தப் பசி அவரை விடவில்லை.

வியன்னாவில் மருத்துவம் படித்துவிட்டு புடாபெஸ்டுக்கு வந்தவருக்கு ரோகுஷ் மருத்துவமனையில் வேலை. யாரும் கவனிக்க விரும்பாத பாலியல் தொழிலாளிகளும் ஏழைகளும்தான் அவருடைய நோயாளிகள். ஆண் உடை அணிந்து வாழ்ந்ததற்காக ஊர் ஊராகத் துரத்தப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி 1902-லேயே கட்டுரை எழுதினார். அவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், அவர் வாழ ஓர் இடம் வேண்டுமே என்ற கவலையோடு எழுதினார். ஃப்ராய்டைச் சந்திப்பதற்கு ஆறு வருஷம் முன்பு என்பதை நீ கவனிக்க வேண்டும். இரக்கத்தை அவருக்கு வியன்னாவில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கல்யாணம் ஆகாத அந்த வருஷங்களில் ராயல் ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். மாலையில் காபிக் கடைகளில் எழுத்தாளர்களோடு உட்கார்ந்திருப்பார். நியூகாட் என்ற இலக்கியப் பத்திரிகையின் ஆசிரியர் இக்னோடுஸ் நெருங்கிய தோழர். கரின்தி, கோஸ்தோலானி போன்ற பெரிய எழுத்தாளர்களும் பழக்கம். 1913-ல் ஹங்கேரியின் உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியபோது கூட இருந்த நாலைந்து பேரில் இக்னோடுஸும் ஒருவர். ஒரு மருத்துவச் சங்கத்தைத் தொடங்க ஒரு கவிஞரையும் கூட்டிக்கொண்டு போகிற டாக்டரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

1908 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வியன்னா போய் ஃப்ராய்டைப் பார்க்கிறார். இவருக்கு முப்பத்து நாலு, அவருக்கு ஐம்பத்தொன்று. அந்தக் கோடையிலேயே ஃப்ராய்டு தன் குடும்பத்தோடு விடுமுறையைக் கழிக்க இவரை அழைத்துவிட்டார். அடுத்த வருஷம் ஸ்விஸ் மனநல டாக்டர் யுங்கையும் சேர்த்து மூன்று பேராக ப்ரெமென் துறைமுகத்தில் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். கப்பலில் ஒருவர் கனவை ஒருவர் அலசிக்கொண்டே போனார்களாம். வூஸ்டர் ஊரிலுள்ள கிளார்க் பல்கலைக்கழகத்தில் ஃப்ராய்டு ஐந்து சொற்பொழிவுகள் நடத்தினார். தினமும் காலையில் இருவரும் நடக்கப் போவார்கள். இன்று என்ன பேசலாம் என்று ஃப்ராய்டு கேட்க, ஃபெரென்சி ஒரு வரைபடம் போலச் சொல்ல, அரை மணி நேரத்தில் ஃப்ராய்டு அதை மேடையில் பேசுவார். இதை ஃப்ராய்டே பிற்பாடு எழுதியிருக்கிறார். அந்தச் சொற்பொழிவுகளை நாம் எம்.ஏ.-வில் வரிக்கு வரி படித்தோமே, அவற்றில் இவருடைய பங்கும் இருந்தது என்று யாராவது வகுப்பில் சொன்னார்களா?

மறு வருஷம் இருவரும் சிசிலிக்குப் போனார்கள். பலேர்மோவில் நடந்ததைப் பதினோரு வருஷம் கழித்து வேறொரு நண்பருக்கு ஃபெரென்சி எழுதுகிறார். சித்தப்பிரமை பற்றி இருவரும் சேர்ந்து எழுதுவதாகப் பேச்சு. முதல் நாள் மாலையே ஃப்ராய்டு, தான் சொல்லச் சொல்ல இவரை எழுதிக்கொள்ளச் சொன்னார். இவர் சட்டென்று எழுந்துவிட்டார். நீங்கள் சொல்லி நான் எழுதினால் அது சேர்ந்து செய்யும் வேலையா என்று கேட்டார். ஓ, நீங்கள் இப்படிப்பட்டவரா, முழுவதையும் நீங்களே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறீர்களா என்றார் ஃப்ராய்டு. அன்றிலிருந்து தினமும் மாலையில் அவர் தனியாக எழுத, இவர் தொண்டை அடைத்தபடி வெளியே இருந்திருக்கிறார்.

ஊர் திரும்பியதும் ஃபெரென்சி மன்றாடிக் கடிதம் எழுதினார். நமக்குள் ஒளிவுமறைவே இருக்கக்கூடாது, உங்களை ஆசானாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை என்பதுதான் அதன் சாரம். ஃப்ராய்டு 1910 அக்டோபரில் எழுதிய பதில் கனிவானதுதான், ஆனால் கதவைச் சாத்திவிடுகிற பதில். மனதை முழுவதும் திறந்துகொட்டும் தேவை தனக்கு இனி இல்லை, ஃப்ளீஸ் விஷயத்துக்குப் பிறகு அதைக் கடந்துவிட்டதாக எழுதினார். ஃப்ளீஸ் பெர்லினில் காது மூக்கு தொண்டை டாக்டர். ஃப்ராய்டு தன் கனவுகளையும் பயங்களையும் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பிய ஒரே நண்பர். அந்த நட்பு கசந்து முறிந்திருந்தது. ஒரு முறை சூடுபட்டவர் விலகி நின்றதை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் ஊர் உலகத்து மனிதர்களையெல்லாம் மனதில் வருவதை மறைக்காமல் சொல்லச் சொன்னவர், தன் மிக நெருங்கிய தோழனிடம் அதற்கு மறுத்தார் என்பதும் உண்மைதானே? ஃபெரென்சியின் மிச்ச வாழ்க்கை முழுவதும் இந்த இடத்தைச் சுற்றித்தான் போகிறது.

இனி எழுதப்போவது எனக்கு உறுத்தலான பகுதி. கிசெல்லா பாலோஸ் என்ற பெண்ணை அவர் பல வருஷங்களாக நேசித்தார். கிசெல்லா அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர், மணமானவர், இரண்டு பெண்களின் தாய். கணவர் கேசா நெடுநாள் மணவிலக்குக்குச் சம்மதிக்கவில்லை. இரண்டு குடும்பங்களும் ஏற்கெனவே பின்னிக்கிடந்தன. கிசெல்லாவின் இளைய மகள் மாக்தாவைக் கட்டியவர் ஃபெரென்சியின் சொந்தத் தம்பி. 1911-ல் மூத்த மகள் எல்மா மனம் உடைந்திருந்தாள் என்று அவளைத் தன்னிடமே சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டார் ஃபெரென்சி. அந்தச் சமயத்தில் அவளை விரும்பிய ஓர் இளைஞன் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தான். ஆறுதல் சொல்ல வேண்டிய டாக்டர் அவளைக் காதலிக்கத் தொடங்கிவிட்டார். கல்யாணப் பேச்சுவரை போயிற்று. அப்புறம் சந்தேகம் வந்து, அவளை வியன்னாவுக்கு ஃப்ராய்டிடம் சிகிச்சைக்கு அனுப்பினார். 1912-ன் முதல் சில மாதங்கள் அவள் அங்கே இருந்தாள். அவள் அந்த அறையில் பேசியதைப் பற்றி இரண்டு ஆண்களும் கடிதத்தில் விவாதித்துக்கொள்கிறார்கள், மல்லிகா! திரும்பி வந்தவளை ஃபெரென்சி மறுபடி தன்னிடமே சிகிச்சைக்கு எடுத்து, கடைசியில் கைவிட்டார். அவள் ஓர் அமெரிக்கரை மணந்தாள், அந்த வாழ்க்கையும் நிலைக்கவில்லை. ஃப்ராய்டின் விருப்பம் தொடக்கத்திலிருந்தே கிசெல்லாவின் பக்கம்தான்.

இந்தப் பக்கங்களைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அறிவாளிகளான மூன்று பெரியவர்கள், அந்த அம்மா உட்பட, அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளாவது அவளிடம் கேட்டார்களா என்று ஆத்திரமாக வந்தது. ஃபெரென்சியை நான் நேசிக்கிறேன். எல்மாவுக்கு அவர் செய்தது அநியாயம்.

ஃபெரென்சியும் கிசெல்லாவும் 1919 மார்ச் 1 அன்று பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அதே நாளில் கேசா பாலோஸ் இறந்துபோனார். கல்யாணமும் சாவும் ஒரே நாளில் வந்து நின்ற அந்த வீட்டை நினைத்துப் பார். கிசெல்லா கடைசிவரை அவரோடு இருந்தார். தன் மனதை இளமையும் பிள்ளைப்பேறும் இழுத்ததைப் பற்றி, அந்த இழப்பைப் பற்றி, ஃபெரென்சி வருஷக்கணக்கில் கடிதங்களில் புலம்புகிறார். ஃப்ராய்டு தன்னை இந்தக் கல்யாணத்தை நோக்கித் தள்ளினார் என்ற மனத்தாங்கலும் அவரிடம் இருந்தது. கிசெல்லாவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தே வாழ்ந்தார். அவரைப் பற்றி யாராவது தனியாக ஒரு நூல் எழுதினால் முதல் பிரதி நான் வாங்குவேன்.

நடுவில் போர் வந்தது. ஃபெரென்சி பாப்பா என்ற ஊரில் குதிரைப்படைக்கு டாக்டராக இருந்தார். கூட இருந்த மேலதிகாரி ஒருவருக்குக் குதிரைமேல் போய்க்கொண்டே சிகிச்சை செய்ததாக ஃப்ராய்டுக்கு எழுதியிருக்கிறார். கிடைத்த விடுப்புகளில் வியன்னா போய் ஃப்ராய்டிடம் தானே நோயாளியாகச் சில வாரங்கள் சிகிச்சை எடுத்துக்கொண்டார். நண்பர், ஆசான், டாக்டர், தகப்பன் ஸ்தானம் எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஒருவர் எதைத்தான் மனம்விட்டுச் சொல்ல முடியும்?

1918 செப்டம்பரில் புடாபெஸ்டில் பெரிய மாநாடு நடந்தது, அங்கே அவர் சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் தலைவரானார். மதுபான ஆலை வைத்திருந்த ஆன்டோன் ஃபான் ஃப்ராய்ண்ட் பெரும் பணம் தந்தார். அடுத்த வருஷம் பல்கலைக்கழகத்தில் உளப்பகுப்பாய்வுக்கென்று உலகிலேயே முதல் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. சில மாதங்களில் ஆட்சி கவிழ்ந்ததும் அது பறிபோயிற்று, மருத்துவச் சங்கத்திலிருந்தும் நீக்கினார்கள். பணத்தைப் பணவீக்கம் தின்றது, ஃப்ராய்ண்ட் 1920-ல் புற்றுநோயில் இறந்தார். அவ்வளவுதான் அந்தப் பொற்காலம்.

ஃப்ராய்டிடம் கிடைக்காதது அவருக்கு ஜெர்மனியில் பாடன்-பாடன் நகரில் கிடைத்தது. அங்கே சிறிய மருத்துவ இல்லம் நடத்திய கியோர்க் க்ரோடெக் யாருக்கும் கட்டுப்படாத மனிதர். ஃபெரென்சி உடம்பு சரியில்லாமல் அங்கே போக, டாக்டரும் நோயாளியுமாகத் தொடங்கியது குடும்ப நட்பாக வளர்ந்தது. 1921 கிறிஸ்துமஸ் அன்று அவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில்தான் அம்மாவைப் பற்றியும் பலேர்மோவைப் பற்றியும் நான் மேலே சொன்னதெல்லாம் இருக்கிறது. ஃபெரென்சியின் ஒரே ஒரு கடிதத்தைப் படிப்பதென்றால் எது என்று யாராவது என்னிடம் கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஃப்ராய்டுக்கு எழுதும்போது வருகிற தயக்கம் அதில் கொஞ்சமும் இல்லை.

அப்படியும் ஃப்ராய்டின் மேல் பாசம் குறையவில்லை. 1926-ல் ஃப்ராய்டுக்கு நெஞ்சில் கோளாறு வந்தபோது, அதில் மனதின் பங்கும் இருக்கும், நான் வியன்னாவில் சில மாதங்கள் வந்து தங்கி உங்களுக்குச் சிகிச்சை செய்யட்டுமா என்று ஃபெரென்சி கேட்டார். ஃப்ராய்டு மனம் நெகிழ்ந்து நன்றி சொன்னார், வேண்டாம் என்றார். உளப்பகுப்பாய்வைத் தொடங்கியவர் வேறொருவர் முன்னால் கடைசிவரை நோயாளியாக உட்காரவே இல்லை. அந்தப் பக்கம் வந்து உட்காருங்கள், நான் கேட்கிறேன் என்று சொல்கிற துணிவும் அன்பும் இவருக்கு இருந்தது. 1930-ல் இன்னொரு படி போய், என் சிகிச்சையில் உங்கள்மேல் எனக்கிருந்த கோபத்தை நீங்கள் தொடவே இல்லையே என்று எழுதினார். ஃப்ராய்டு அதை மறக்கவில்லை. 1937-ல், ஃபெரென்சி இறந்து நாலு வருஷத்துக்குப் பிறகு, பெயர் சொல்லாமல் ஒரு கட்டுரையில் அதற்குப் பதில் எழுதினார்.

இதற்குள் புடாபெஸ்டில், மற்றவர்கள் கைவிட்ட நோயாளிகளெல்லாம் இவரைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். மெலனி க்ளைன் இவரிடம் சிகிச்சை பெற்றவர், குழந்தைகளோடு வேலை செய் என்று ஊக்கம் தந்தவரும் இவரே. மைக்கேல் பாலின்ட் இவருடைய மாணவர். நோயாளிகள் சொன்ன சிறுவயதுக் கொடுமைகளைக் கற்பனை என்று தள்ளாமல் இவர் நம்பத் தொடங்கினார். 1932-ல் ஜனவரியிலிருந்து அக்டோபர் வரை ஒரு மருத்துவ நாட்குறிப்பு எழுதினார். டாக்டர் தன் எரிச்சலையும் அலுப்பையும் மரியாதைக்குள் மறைத்தாலும் நோயாளி அதை உணர்ந்துவிடுகிறார், அதே பொய் முகத்தைத்தான் அவர் குழந்தையாக இருந்தபோது வீட்டிலும் பார்த்தார், டாக்டர் தன் தவறை ஒப்புக்கொண்டால்தான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியும், நம்பிக்கை வரும் என்பது அவர் எண்ணம். உன்னிடம் பயிலும் பெண்ணுக்கான பதில் இதுதான். நாட்குறிப்பிலிருந்தும், நான் அடுத்துச் சொல்லப்போகும் கட்டுரையிலிருந்தும் அவளுக்குப் படித்துக்காட்டு.

அந்தக் கட்டுரையை விஸ்பாடன் மாநாட்டில் படிப்பதற்கு முன் அவர் வியன்னாவுக்குப் போய் ஃப்ராய்டிடம் படித்துக்காட்டினார். பெரியவர்களுக்கும் குழந்தைக்கும் நடுவே உள்ள மொழிக் குழப்பம் என்பது அதன் தலைப்பு. குழந்தை பாசத்தைத் தேடி வருகிறது, பெரியவர் அதற்குத் தன் ஆசையால் பதில் தருகிறார், பயத்தில் குழந்தை அந்தப் பெரியவரின் குற்றத்தையே தன் குற்றமாக ஏற்றுக்கொள்கிறது என்று அதில் எழுதியிருந்தார். போக்சோ வழக்குகளில் நீ தினமும் பார்க்கிறாயே, அதேதான். 1932-லேயே அதை எழுதிவிட்டார். ஃப்ராய்டு அதை வெளியிட வேண்டாம் என்றார். இவர் மாநாட்டில் படித்தார். ஆங்கிலத்தில் அது வெளிவர 1949 ஆயிற்று, அதுவும் பாலின்டின் முயற்சியால்.

அப்போதே இரத்தசோகை முற்றியிருந்தது. படுக்கையிலிருந்து 1933 மார்ச் கடைசியில் ஃப்ராய்டுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ஜெர்மனியில் ஹிட்லர் வந்துவிட்டான், இன்னும் நேரம் இருக்கும்போதே மகள் அன்னாவையும் சிலரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்திரியாவை விட்டுப் போய்விடுங்கள் என்று. ஃப்ராய்டு போகவில்லை. 1938 ஜூனில்தான் போனார், அதுவும் நாஜிகள் வீட்டுக்குள் வந்த பிறகு. அங்கேயே தங்கிவிட்ட அவருடைய நாலு தங்கைகளும் முகாம்களில் மாண்டார்கள். ஃபெரென்சி 1933 மே 22 அன்று, அறுபது வயதுகூட நிறையாமல் இறந்தார். ஃப்ராய்டின் பிறந்தநாளுக்கு வாழ்த்து எழுதி அனுப்பியிருந்தார், மே 4 தேதியிட்டது. அதுதான் கடைசிக் கடிதம்.

அந்த மார்ச் மாதக் கடிதத்தை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1957-ல் ஃப்ராய்டின் இன்னொரு சீடர் எர்னெஸ்ட் ஜோன்ஸ் எழுதிய ஃப்ராய்டு வாழ்க்கை வரலாற்றின் மூன்றாம் பாகத்தில், கடைசிக் காலத்தில் ஃபெரென்சிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எழுதிவைத்தார். அந்த ஜோன்ஸ் 1913-ல் இவரிடம் சிகிச்சை பெற்றவர்! கடைசிவரை இவரைப் போய்ப் பார்த்துவந்த பாலின்ட், அவருடைய மனம் தெளிவாகவே இருந்தது என்று எழுதி மறுத்தார். ஆனாலும் அந்தச் சொல் பல வருஷம் ஒட்டிக்கொண்டது. நாட்குறிப்பு 1985-ல்தான் அச்சேறியது. ஐரோப்பாவின் அரசியலை அவ்வளவு துல்லியமாகக் கணித்தவருக்குப் பைத்தியப் பட்டம். எனக்கு ஆறவே இல்லை, மல்லிகா.

உன்னிடம் பயிலும் பெண்ணிடம் எல்மாவின் கதையையும் மறைக்காமல் சொல். கண்ணீர் தவறில்லை. ஆனால் எதிரே இருப்பவருடைய அன்பால் தன் பசியை ஆற்றிக்கொள்ளத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு, அந்தக் கண்ணீருக்காக வாதாடியவரே சாட்சி. நோயாளியும் டாக்டரும் மாறிமாறி ஒருவருக்கொருவர் சிகிச்சை செய்துகொள்ளும் முறையையும் அவர் முயன்று பார்த்தார். அதன் எல்லைகளையும் அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களுக்கு மட்டும் அடையாளத்தாள் வைத்திருக்கிறேன்.

நாட்குறிப்பின் ஆங்கிலப் பதிப்பையும் மொழிக் குழப்பம் கட்டுரையின் நகலையும் கூரியரில் போடுகிறேன். கடிதத் தொகுதிகளைத் தரமாட்டேன், அவற்றை நீ இங்கே வந்துதான் படிக்க வேண்டும். பொங்கல் முடிந்ததும் வா. பேத்தி இங்கே இருந்தால் அவளுக்கும் ஒரு துணை. வரும்போது அந்தப் பெண்ணையும் கூட்டி வர முடியுமா என்று பார். பெரியப்பா மகன் கல்யாணத்துக்கு நீ கேட்ட மண்டபத்தின் வாடகையை விசாரித்துவிட்டு ஃபோனில் சொல்கிறேன்.

அன்புடன்,
வசந்தா